மூன்று ஃபைல்கள்

ஜூன் 9, ஞாயிறு
சாவித்ரியின் மருத்துவக் காகிதங்களை ஒருவழியாகப் பிரித்து முடித்தேன். இதயத்துக்குச் சிவப்பு ஃபைல், சர்க்கரைக்குப் பச்சை, முழங்காலுக்கு நீலம். போசரியில் பம்ப் கம்பெனியில் இருபத்தாறு வருடம் தரச்சோதனை செய்த கை, சும்மாவா? எந்த டாக்டரிடம் போகிறோமோ அவருடைய ஃபைல் மட்டும் பையில் போகும். "எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துட்டுப் போலாமேங்க" என்றாள். டாக்டரைக் குழப்பாதே என்றேன்.

ஜூலை 18
ஔந்த் கிளினிக்கில் முழங்கால் டாக்டர். நான்கே நிமிடம். வலி மாத்திரையை இன்னும் இரண்டு மாதம் தொடரச் சொன்னார். பாதம் வீங்குகிறதே என்றதற்கு, அது என் டிபார்ட்மென்ட் இல்லை என்றார். சரிதானே.

ஆகஸ்ட் 2
இதய டாக்டர், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாவித்ரி சொல்ல வாயெடுத்தாள். அது முழங்கால் சமாசாரம், இங்கே எதற்கு என்று நான் அடக்கிவிட்டேன்.

செப்டம்பர் 21
விடாமல் வாந்தி. முகமெல்லாம் வீக்கம். அட்மிட் செய்துவிட்டார்கள்.

செப்டம்பர் 23
சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம். இங்கே கிட்னியைப் பார்க்கும் டாக்டர் அம்ருதா மூன்று ஃபைலையும் மேஜையில் பரப்பி, எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதினார். பதினான்கு. சர்க்கரை, பிரஷர் உள்ளவளுக்கு இத்தனை மாதமாக இந்த வலி மாத்திரையா என்றார். "ஏக் சாத் கிஸீனே தேகா நஹீ?" எல்லாவற்றையும் சேர்த்து யாருமே பார்க்கவில்லையா?


செப்டம்பர் 24
பாவிங்க. ஒருத்தனாவது முழு ஆளைப் பார்த்தானா? முட்டியைப் பார்த்தான், நெஞ்சைப் பார்த்தான். அவளை எவன் பார்த்தான்? கேஸ் போடணும் —
யார் மேல போடுறது? மத்த ரெண்டு ஃபைலையும் அலமாரியில வச்சுப் பூட்டினது யாரு?
கம்பெனியில் ஒருமுறை எல்லா உதிரிபாகமும் அளவில் சரியாக இருந்தது, எல்லாம் சேர்த்துப் பொருத்திய பம்ப் மட்டும் ஓடவில்லை. தனித்தனியா ஓகே போட்டு என்னய்யா பிரயோஜனம் என்று அன்றைக்கு தொழிற்கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தியவன் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 12
வாரம் இரண்டு டயாலிசிஸ். காகிதமெல்லாம் இப்போது ஒரே ஃபைலில். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து நிக்டியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி இருக்கே?" என்று கேட்டேன். இப்படிக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ.
அவள் என் பக்கம் திரும்பவில்லை. "எந்த ஃபைலுக்குக் கேக்கறீங்க?" என்றாள்.