ஒன்பதாவது ஆள்

ஜனவரி 27, திங்கள்

இன்று அவர் அலமாரியைத் திறந்தேன். சட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து விறைப்பாக நிற்கின்றன. மூடிவிட்டேன். அவர் இறந்து ஐந்து நாளாகிறது, எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

கடற்படையில் பத்தொன்பது வருடம். மகள் பிறந்த செய்தி பதினொரு நாள் கழித்துத்தான் அவர் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓய்வு பெற்று வந்ததும், இனி வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு நாளும் இருக்கமாட்டேன் என்றார். நல்ல ஆசைதானே என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு, கப்பலைக் கைவிடும் பயிற்சி; கப்பல் மூழ்கப்போனால் எல்லோரும் இறங்கித் தப்புவதற்கானது. கடல் இங்கிருந்து ரயிலில் ஒரு நாள் பயணம். நாங்கள் இருப்பது நாலாவது மாடி. விசில் அடித்தால் மூன்று நிமிடத்தில் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை தலையில் ஷாம்பு நுரையோடு இறங்கினார்.

ஜனவரி 28

எங்களோடு விட்டாரா? கட்டிடத்தையே இழுத்துவிட்டார். ஆளுக்கு ஒரு எண். நான் ஒன்று, மகள் இரண்டு, மாப்பிள்ளை மூன்று. முதல் மாடிப் பல் டாக்டரும் அவர் மனைவியும் நாலு, ஐந்து. இரண்டாம் மாடி டியூஷன் டீச்சர் ஆறு. கீழ்வீட்டுத் தையல்காரர் மனைவி ஏழு, தையல்காரர் எட்டு. எல்லோருக்கும் தெர்மாகோல் வைத்து மிதவைச் சட்டை தைத்துக் கொடுத்தது அந்தத் தையல்காரர்தான்.

அவர் ஒன்பது. அறை அறையாகப் பார்த்து, கதவைப் பூட்டி, கடைசியாக இறங்குவார். "நீங்க எல்லாரும் இறங்காம நான் இறங்கமாட்டேன்." முப்பது வருடமாக இதே பேச்சு. போன புதன்கிழமை, ஆஸ்பத்திரியில், நான் காபி வாங்கப் போன ஐந்து நிமிடத்தில் முதல் ஆளாகப் போய்விட்டார். இதுக்குப் பேரு என்ன? நீங்களே சொல்லுங்க.

ஜனவரி 29

பள்ளிக்கூட நாளில் மகளுக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். மாலுமி முடிச்சு. சாயங்காலம் அவரே வந்து அவிழ்த்தால்தான் உண்டு.

ஜனவரி 30

தையல்காரர் வந்து, ஞாயிற்றுக்கிழமை பயிற்சி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 31

அப்பா விசில் எங்கே என்று மகள் கேட்டாள். தெரியாது என்றேன். என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

விசில் இல்லாமலேயே ஒன்பது மணிக்கு எல்லோரும் கீழே நின்றார்கள், மிதவைச் சட்டையோடு. மகளும் மாப்பிள்ளையும்கூட. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போகவில்லை. எப்படிப் போவது? நானும் இறங்கிவிட்டால் வீட்டில் யாரும் இல்லை. கதவை நான்தான் பூட்ட வேண்டும். இத்தனை வருடப் பயிற்சியில் ஒரு தடவைகூட நான் அதைப் பூட்டியதில்லை. பின்னால் அவர் இருப்பார்.

ஆள் கணக்கு முடியாமல் யாரும் கலையக்கூடாது என்பது அவர் விதி. ஒன்பதரை ஆயிற்று. ஒருவரும் கலையவில்லை. வீங்கிய கன்னத்தோடு பல் டாக்டரைத் தேடி வந்த ஒருவரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். மகள் போன் செய்தாள்.

"அம்மா, வெயில் ஏறுது. நீ வராம ஒருத்தரும் நகரமாட்டேங்கறாங்க."

உங்களுக்கெல்லாம் பைத்தியமா என்று கேட்டேன்.

"ஆமாம்மா. இறங்கி வா."

கதவைப் பூட்டவில்லை. சும்மா சாத்திவிட்டு இறங்கினேன். எண்ணச் சொன்னேன். ஒன்று நான். இரண்டு, மூன்று என்று போய், எட்டு என்றார் தையல்காரர். அப்புறம் சத்தமே இல்லை. தன் முறையோ என்று வீங்கிய கன்னக்காரர் வாயைத் திறந்தார், டாக்டர் முறைத்ததும் மூடிக்கொண்டார்.

ஒரு ஆள் குறைந்தால் ஒருவர் மேலே போய்த் தேட வேண்டும். அதுவும் விதி. நாங்கள் சுதாரிப்பதற்குள் தையல்காரர் படியேறி ஓடிவிட்டார். லிஃப்ட் கூடாதே. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாராம். வியர்த்து விறுவிறுத்து வந்து என் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"எல்லா ரூமும் பாத்துட்டேன் அக்கா. மேல யாரும் இல்ல. அவர் இறங்கிட்டார்."

அழுதேன். வண்டிகளுக்கு நடுவே, தெர்மாகோல் சட்டை போட்ட ஏழு பேர் முன்னால், வாய்விட்டு அழுதேன். பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா — அஞ்சு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யாரும் அசையவில்லை. பிறகுதான் புரிந்தது, நான் சொல்லாமல் போகமாட்டார்கள். கலையலாம் என்றேன். கலைந்தார்கள். பல்வலிக்காரர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மார்ச் 2, ஞாயிறு

பயிற்சி. எல்லோருக்கும் ஒரு எண் முன்னால் தள்ளிக் கொடுத்தாயிற்று. தையல்காரர் ஏழு. கடைசி ஆளாக நான், எட்டு. சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடி எல்லாம் பார்த்து, கதவைப் பூட்டி, நாலு மாடியும் இறங்கி வந்தேன். மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. முப்பது வருடத்தில் இவ்வளவு மோசமாக இருந்ததில்லை. தாமதம் என்னால்தான்.