சரக்கு என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம்

மார்த்தாண்டம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள செல்லக்கனிக்கு,

ரெஜிலா எழுதுகிறேன். முதலில் உன் வீட்டுச் செய்தி. நேற்றுப் போய்ப் பார்த்தேன், எல்லோரும் சுகம். எபிசன் கணக்கில் எண்பது எடுத்திருக்கிறான். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் என் பெயரைச் சொல்ல முடியாமல் காற்றுதான் வருகிறது. உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி பழையபடி. அதைப் பற்றிப் பேசுவதும் பழையபடி.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். இதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் உன் அறையில் இருக்கிற ஐந்து பெண்களும் சேர்ந்து கேட்பார்கள். நம் சுனிதாவின் புருஷன் வினோஜ் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை நீ இருக்கிற மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். நேந்திரங்காய் வத்தலுக்கு அடியில் வைத்துக் கொடுத்து விடுகிறேன். ஒட்டி, மேலே டேப்பும் சுற்றியிருக்கிறேன்.

நம் அண்டி ஆபீஸில் இப்போது முந்திரி உடைப்பதைத் தவிர மற்ற எல்லாம் நடக்கிறது. என்னைப் புகார்க் குழுவுக்குத் தலைவி ஆக்கிவிட்டார்கள். வேலை செய்கிற இடத்தில் பெண்களுக்குத் தொந்தரவு வந்தால் விசாரிக்க அப்படி ஒரு குழு வேண்டும் என்று சட்டம். ஆபீஸ் அறையில் நாற்காலி போட்டு உட்காருகிற பெண் நான் ஒருத்திதான் என்பதால் போட்டி இல்லை. ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுக்கிறவள் விசாரித்த முதல் வழக்கு என்னவென்று கேள்.

நீ போன பிறகு தொலி உரிக்கிற பகுதிக்கு நந்தனா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது. அப்பா பனையிலிருந்து விழுந்து படுக்கையில் இருக்கிறார், அவள் சம்பளத்தில்தான் வீடு. அங்கே சூப்பர்வைசர் பிரதீஷ். களியக்காவிளைக்காரன், சட்டைப் பையில் எப்போதும் சீப்பு. காலையில் அவள் உள்ளே வரும்போதெல்லாம் மூட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் அவள்மேல் வைத்து, "கொள்ளாம், இண்ணைக்கு நல்ல சரக்கு" என்பானாம். நாற்பது நாளாக. அவள் வேலையை விட்டு நிற்கப் போகிறேன் என்று அழுதிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிற ஓமனா அக்காதான் கையைப் பிடித்து என்னிடம் கூட்டி வந்தாள்.

ஓமனா அக்கா வாய் உனக்குத் தெரியாததா? நந்தனா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளிடம் முதலிரவில் கட்டில் உடைந்த கதையைச் சொல்லி, அந்தப் பெண் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

விசாரணைக்கு மேனேஜர் மகேஷ்குமாரும் வந்து உட்கார்ந்தார். சென்னைக்காரர், வந்து ஆறு மாதம். புகாரைப் படித்துவிட்டு மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "டியூட்டி டைம்ல சரக்கா? எங்கய்யா வச்சுக் குடிக்கிற? அத எதுக்கு அந்தப் பொண்ணுகிட்ட வந்து சொல்ற?" என்றார்.

பிரதீஷ் திகைத்துப் போய், "சாரே, நான் மலைக்கு மாலை போட்டிருக்கேன், சொட்டு தொட்டதில்ல" என்று சத்தியம் செய்தான். மேனேஜர் அவன் அருகில் போய் வாயை ஊதச் சொன்னார். அவனும் ஊதினான். நான் தலைவி, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு நான்தான் விளக்க வேண்டி வந்தது. சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி சொன்னேன்: "சார், கோட்டாற்றுக் கடைக்காரர் சரக்கு என்றால் மூட்டை. உங்கள் ஊரில் சொன்னால் பாட்டில். இவர் சொன்னது மூன்றாவது." அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றாவது என்ன என்று கேட்டார். நல்ல பிள்ளை, நிஜமாகவே எழுதிக்கொள்ளத்தான் கேட்டார். "பெண்ணைப் பார்த்து, இவள் உடம்பு நன்றாக இருக்கிறது, கிடைத்தால் தேவலை என்று சொல்வது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். காது இரண்டும் எரிந்தது.

பிரதீஷ் எழுந்து நின்றான். "அண்டி மூட்டையத்தான் சொன்னேன். அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் உண்டுண்ணு இப்பதான் இந்த மேடம் சொல்லி அறியுதேன்" என்றான். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். வெட்கம் கெட்டவள் நான் என்பது போல் ஆகிவிட்டது.

மேனேஜர் சாட்சி சொல்ல வந்திருந்த ஓமனா அக்காவிடம், "உங்க லேடீஸ் பேசுறத நானே கேட்டிருக்கேன்மா. அதுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்லையே?" என்றார். அக்கா நிதானமாகச் சொன்னாள்: "சாரே, நாங்க பேசினா இவ சிரிக்கா. அவன் பேசினா ஷாலை இழுத்து மூடுதா. நீங்க வார்த்தையப் பாக்காண்டாம், ஷாலப் பாருங்க."

அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அத்தாட்சி இல்லை என்றார். வேண்டுமானால் நந்தனாவை வேறு பகுதிக்கு மாற்றலாம் என்றார். தப்பு செய்தவன் நாற்காலியில், அழுதவளுக்கு இடமாற்றம். நான் ஒரு வாரம் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பிரதீஷ் உள்ளே நுழைந்ததும் ஓமனா அக்கா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்தாள். "ஏட்டி, இண்ணைக்கு வந்த சரக்கு எப்பிடி?"

அறுபது பெண்கள் ஒன்றாகச் சொன்னார்கள்: "ஓடு பெருசு, பருப்பு செறுசு!"

ஆபீஸ் அறை வரை கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் குனிந்து தொலி உரித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில், "வறுத்தா பொருமுமா அக்கா?" என்று ஒருத்தி கேட்க, "போன வருச அண்டியாக்கும், சூடு பட்டாலும் அனக்கம், அசைவு ஒண்ணும் இருக்காது" என்று பதில் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் அண்டிக்கு இருக்கிற ஆண்பிள்ளை அர்த்தம் உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. களியக்காவிளைக்காரனுக்கும் யாரும் எழுத வேண்டியதில்லை.

மூன்று நாள் இப்படி. அவன் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. சீப்பையும் எடுக்கவில்லை. பொய் சொல்லக்கூடாது, எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அப்புறம் நாற்பது நாள் என்று நினைத்துக்கொண்டேன், பாவம் போய்விட்டது.

நான்காம் நாள் அவனே என் மேசைக்கு வந்து இரண்டு பக்கப் புகார் கொடுத்தான். பெண்கள் தன்னை ஆபாசமாகப் பேசுகிறார்களாம். நான் தலைவிக்குரிய முகத்தை வைத்துக்கொண்டு, "என்ன பேசினார்கள், அதற்கு என்ன அர்த்தம், விவரமாக எழுதினால்தான் குழு எடுக்கும்" என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினான். "சரக்கு என்பது மனிதரின் உடம்பைக் குறித்துக் காமமாகச் சொல்லும் கெட்ட வார்த்தை. இது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்" என்று எழுதி, அடிக்கோடும் போட்டு, கையெழுத்துப் போட்டான். பருப்பு பற்றியும் மூன்று வரி எழுதினான். அதை நான் மடித்து வைத்துவிட்டேன்.

விசாரணையில் அவன் எழுதிக் கொடுத்த தாளையும் இந்தத் தாளையும் மேனேஜர் முன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். படித்தார், மறுபடியும் படித்தார். சிரிப்பு தாங்காமல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. பிரதீஷுக்கு இப்போது கிட்டங்கியில் வேலை. சுற்றிலும் மூட்டைதான், எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம். போகும்முன் நந்தனாவிடம் மன்னிப்புக் கேட்க வைத்தோம். "தெரியாம பறஞ்சுட்டேன்" என்றான். "தெரிஞ்சுதான் பறஞ்சிய. இனி பறயாதிய" என்றாள் அவள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தையல் கடையில் நீ 'ஜிப்' என்று சொன்னால் ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாயே. சுனிதாவிடம் கேட்டேன், அவள் தன் புருஷன் வினோஜிடம் கேட்டாள், அவன் விளக்கை அணைத்த பிறகுதான் சொன்னானாம். அந்த ஊர்க்காரர் காதில் அது ஆண்பிள்ளையின் சாமானுக்கு உள்ள பச்சையான பேராக விழுகிறதாம். நீ எட்டு மாதமாக வருகிற பெண்களிடமெல்லாம், கூட வந்த புருஷன்மார் காது கேட்க, "எட்டு அங்குலம் போதுமா, பத்து அங்குலம் வைக்கவா" என்று கேட்டிருக்கிறாய் மக்கா! நான் இதை நினைத்து நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போது சிரித்து, சாமியார் முறைத்தார். அங்கே அதற்கு 'சஹாப்' என்பார்களாம். இனி அப்படியே சொல்லு.

தெரியாமல் சொன்னதற்கு நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்க வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரித்துவிடு. ஆனால் முதலாளியின் தம்பி உன்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, மறுபடி சொல், மறுபடி சொல் என்கிறான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவன் உள்ளே கூப்பிட்டால் போகாதே. வேலை போனால் போகட்டும், ஓமனா அக்கா பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் எப்போதும் இருக்கும். உன் வீட்டுக்காரரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

வினோஜ் நம்பரை உறைக்குள் எழுதியிருக்கிறேன். நல்ல பையன், கூப்பிட்டால் வண்டி எடுத்துக்கொண்டு வருவான். சொல்லியும் வைத்திருக்கிறேன்.

மாதா உன்னைத் தன் பார்வையிலேயே வைத்திருக்கட்டும். நீ நீளமாக எழுத வேண்டாம் செல்லக்கனி. உன் பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்கிறதா? அதை மட்டும் எழுது.

உன் ரெஜிலா