கடைசித் துண்டு

என் பிரியமுள்ள அத்தான்,

கல்லறைத் தோட்டத்தில் நிம்மதியாக உறங்குகிறீர்களா? போன செவ்வாய் வரைக்கும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மகள் ஸ்டெல்லா நர்சிங் முடித்துவிட்டாள். காது மூக்குத் தொண்டை வார்டில் வேலை. அக்கா இப்போது கொஞ்சமாவது சாப்பிடுகிறாள். நான் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போவதை விடவில்லை. வேறென்ன தெரியும் எனக்கு?

காது மூக்குத் தொண்டை டாக்டருக்கு இங்கிலீஷில் ஒரு நீளப் பெயர் உண்டே, ஸ்டெல்லா படிக்கும்போது அதை உடைத்து உடைத்துச் சொல்லிப் பழகுவாள். ஓ-டோ-ரை-னோ-லா-ரிங்-கா-ல-ஜிஸ்ட். ‘கா’வில் அழுத்தணும் என்று உங்களையும் விரட்டுவாள். நீங்க அதைக் கடலுக்கே கொண்டுபோய்விட்டீங்க. தண்ணீருக்குள் இறங்கும்போது அந்தப் பெயரின் ஒவ்வொரு துண்டுக்கும் நின்று, மூக்கைப் பிடித்து, காதடைப்பை விடுவிப்பீங்க. உங்களைப் பார்த்து நானும் அப்படியே. வாயில் காற்று டியூப் இருப்பதால் மனசுக்குள்தான் சொல்ல முடியும்.

செவ்வாய்க்கிழமை கடலுக்குள் நான் முதல் துண்டை ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பெயர் கேட்டது. செவிடாகிப்போன என் இடது காதில். உங்கள் குரல்தான், ‘கா’வில் அதே அளவுக்கு மீறிய அழுத்தம். ‘ல’ வரை வந்து நின்றுவிட்டது. மிச்சத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்று அப்படியொரு ஆசை எனக்கு. கை டியூபைப் பாதி உருவிவிட்டது. உப்புத் தண்ணீர் நாக்கில் பட்ட பிறகுதான் சுதாரித்தேன்.

அன்றைக்கு உங்களைக் கடலடியிலிருந்து பிணமாகத் தூக்கியபோதும் டியூப் வாயில் இல்லை. படகில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, டியூபில் ஒரு கீறல்கூட இல்லை. ஏன் அத்தான் கழற்றினீங்க? உங்களை யார் கூப்பிட்டது?

அக்காவிடம் மறைத்துவிட்டேன். ஸ்டெல்லாவிடம் காதில் இரைச்சல் என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எந்தத் துண்டில் நின்றது என்று கேட்டாள். சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“மாமா, சாப்பிடும்போது அப்பா கடைசி மீன் துண்ட எனக்குத்தான் விட்டு வைப்பாவ. இந்தத் துண்டையும் எனக்குத்தான் விட்டிருக்காவ. நான் படகுல வந்து சொல்லட்டா?”

கடற்கரைப் பக்கமே வரக்கூடாது என்று சத்தம் போட்டேன். அழுதாள். ஆனாலும் அந்த நினைப்பை அவள் விடவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. அதுதான் எனக்குப் பயம்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்டெல்லாவை உங்கள் கல்லறைக்குக் கூட்டி வருகிறேன். அந்தத் துண்டை அவள் அங்கே தரையில் நின்று தன் வாயால் சொல்வாள். கேட்டுவிட்டு உறங்குங்க. திங்கட்கிழமை நான் இறங்குவேன். அப்போதும் அந்தக் குரல் கேட்டால், அது நீங்க இல்லை என்று தெரிந்துகொள்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவேன். அதன் பிறகு நம் வீட்டில் யாரும் இறங்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன், அக்காவுக்கு மிச்சமிருக்கும் ஒரே தம்பி,
சேவியர்