நான் முடிக்க விடாத வசனம்

மச்சான்,

இன்று காலையில் மைக்கின் தலையில் மாட்டுகிற கறுப்புப் பஞ்சைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டேன். வெள்ளிக்கிழமை போட்டி இருக்கிறது. பிழிந்தபோது ஒரு மணம் கிளம்பியது. இஞ்சித் தேத்தண்ணி, மீன் ரோல்ஸ், காய்ந்த எச்சில். இத்தனை வருடமாக அதற்கு முன்னால் வாயைத் திறந்து வைத்திருந்தவன் நான்தான் என்பதால் அதை என்னுடைய மணம் என்றே சொல்ல வேண்டும். அருவருப்பாக இருந்தது. நீ அந்த மைக்கை ஒரே ஒரு தரம் பிடித்தவன். உன் மூச்சும் அந்தப் பஞ்சில் கொஞ்சம் இருந்திருக்கும் என்ற நினைப்பு, அழுக்குத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் வந்தது. எனக்கு எல்லாமே பிறகுதான் வருகிறது.

கல்முனை பஸாரில் புடவைக் கடைக்கு மேலே இருக்கிற அந்த அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஜும்ஆ முடிந்து, சோறு தின்ற கை காயுமுன் எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவோம். திரையில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிற சண்டை கேம். வென்றவன் கதிரையில் இருப்பான், தோற்றவன் எழும்பி அடுத்தவனுக்கு இடம் விடுவான். பின்னால் நிற்கிறவர்களின் வேலை கத்துவது. தோற்றவனைப் பொம்பிளை என்போம், நொண்டி என்போம். பாண்டிருப்புப் பொடியன்கள் வந்தால் அவர்கள் எங்கள் ஊரை இழுப்பார்கள், நாங்கள் அவர்கள் ஊரை இழுப்போம். யாருடைய உம்மாவையாவது இழுக்காமல் ஒரு மெச்சும் முடிந்ததில்லை. அதெல்லாம் சேர்ந்ததுதான் கேம் என்று நம்பினோம். கத்துவதில் முதல் இடம் எனக்கு. அதனால்தான் போட்டிகளை லைவில் போடும்போது மைக்கை என்னிடம் தந்து கொமென்ட்ரி சொல்ல விட்டார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற நம் ஆட்கள் கேமைப் பார்க்க வரவில்லை, என் வாயைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நானே சொல்லித் திரிவேன்.

நீ மருதமுனையிலிருந்து சைக்கிளில் வருவாய். போன் திருத்துகிற கடையில் உனக்கு வேலை. ஆகவே எங்கள் கொன்ட்ரோலர்களின் பட்டன் தேய்ந்தால் உன் மடியில்தான் வந்து விழும். நாங்கள் எல்லோரும் பாய்ந்து பாய்ந்து அடிக்கிற ஆட்களைத் தெரிவு செய்வோம். நீ மட்டும் பெரிய உடம்போடு மெல்ல நடக்கிற ஒருத்தனை எடுத்துக்கொண்டு, எதிராளி பிழை விடும்வரை பார்த்துக்கொண்டிருப்பாய். உனக்குக் கதை திக்கும். முதல் எழுத்திலேயே நின்று, கழுத்து நரம்பு புடைத்து, பிறகு ஒருவழியாகச் சொல் வெளியே வரும். உனக்குக் 'கொன்னை' என்று பெயர் வைத்தோம். வைத்தோம் என்ன, வைத்தவன் நான். நீ வந்த புதிதிலேயே, மைக்கில், எல்லோருக்கும் கேட்க.

அறைக்குள் நீ வாயால் கதைக்க மாட்டாய். போனில் எழுதி, திரையை நம் மூஞ்சிக்கு நேரே நீட்டுவாய். எழுத்தில் நீ சரியான நக்கல்காரன். ஒருநாள் நான் எவனோ ஒருத்தனின் தாயை இழுத்துக் கத்திக்கொண்டிருக்க, என் கண்ணுக்கு முன்னால் உன் போன் வந்தது. "அவன்ட உம்மா உனக்கு என்ன செஞ்சா?" என்று எழுதியிருந்தாய். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அதையும் லைவில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நீ அதைப் பகிடியாக எழுதவில்லை என்பதுகூட எனக்கு விளங்கவில்லை.

ஆனால் நாம் இரண்டு பேரும் தனியே இருக்கும்போது நீ வாயால்தான் கதைப்பாய். மருதமுனைக் கடற்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கச்சான் கொட்டையை உடைத்துக்கொண்டு, திக்கித் திக்கி, ஆனால் நீளமாக. கடை முதலாளியின் கஞ்சத்தனம், உன் தங்கச்சியின் பரீட்சை, உனக்கு வந்த கல்யாணப் பேச்சு. நீ ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் நான் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ முடிப்பாய். எனக்குப் பொறுமை இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது, மச்சான். பொறுமை இருந்தது. ஆள் பார்க்காத இடத்தில் மட்டும் இருந்தது.

அந்தப் பைனலை நினைக்காத நாள் இல்லை. மட்டக்களப்பிலிருந்து வந்தவன் எங்கள் எல்லோரையும் துவைத்துப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தான். கடைசியாக நீ போய் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாய். உன் மெல்ல நடக்கிற ஆளை எடுத்தாய். அவன் பாய்ந்தான், அடித்தான், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் ஒரே ஒரு தரம் அவசரப்பட்டான், நீ பிடித்து வீழ்த்தினாய். அறை இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம். நான் ஓடிவந்து உன் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டி, "என்ன மச்சான், சந்தோசமா?" என்றேன்.

நீ தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு உனக்குக் கதைக்க வேண்டும் போல் இருந்திருக்கிறது. மைக்கை நீயே கையால் பிடித்தாய். "ஓம்" என்றாய். "நா… நா… நான் இ… இ… இண்டைக்கு" என்று தொடங்கி, அடுத்த சொல்லில் நின்றாய். அறை அமைதியாக இருந்தது. லைவ் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை.

"இவன் இந்த வசனத்த முடிக்கக்குள்ள பெருநாள் பிறையே கண்டிருவாங்க" என்றேன். பிறகு உன்னை மாதிரியே, கழுத்தை நீட்டி, "இ… இ… இண்டைக்கு" என்று செய்து காட்டினேன். அறை முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். வருடக்கணக்காக எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அதுதான், நீயும் சிரித்தாய் என்பது. அந்த வீடியோவை இப்போது பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. நீ சிரிக்கும்போதும் மைக்கை விடவில்லை. நான்தான் இழுத்தெடுத்தேன்.

அந்தத் துண்டு எங்கள் செனலிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ ஆனது. வாயைத் திறந்தபடி நீ நிற்கிற கோலத்தை யாரோ ஸ்டிக்கராக்கினார்கள். எங்கள் வட்ஸ்அப் குழுவில் யாராவது பதில் சொல்லத் தாமதித்தால் உன் முகம் வந்து விழும். நானும் போட்டிருக்கிறேன். நீ அதற்குப் பிறகும் வந்தாய், வென்றாய். ஆனால் நான் மைக்கோடு வருமுன் கதிரையை விட்டு எழும்பி, அஸருக்கு நேரமாகிவிட்டதென்று கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டு இறங்கிப் போவாய். பையன் நல்ல தொழுகைக்காரன் என்று நினைத்தேன்.

காரைதீவிலிருந்து ஒரு பிள்ளை தன் தம்பியோடு வந்தது உனக்கு நினைவிருக்கும். நன்றாக விளையாடினாள். பொம்பிளையிடம் தோற்கிறவன் என்று எதிரே இருந்தவனைப் பார்த்துக் கத்தினோம், அவளைப் பற்றியும் கத்தினோம். அடுத்த கிழமை தம்பி மட்டும் வந்தான். நீ போனை நீட்டினாய்: "அவ இனி வரமாட்டா." விளையாட்டுத்தானே மச்சான், என்றேன். நீ போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். உன்னைப் பற்றியும் அதையேதான் சொல்கிறேன் என்று உனக்கு விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்கவில்லை.

பிறகு காய்ச்சல் என்று படுத்தாய். டெங்கு என்றார்கள். எழும்பி வருவாய் என்றுதான் இருந்தோம். மௌத்துச் செய்தி குழுவில் வந்தபோது எல்லோரும் இன்னாலில்லாஹி எழுதினார்கள். அவற்றுக்கு நடுவில் ஒருத்தன் அந்த ஸ்டிக்கரையே போட்டு, கீழே அழுகிற முகங்கள் வைத்திருந்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனிடம் இருந்த உன் படம் அது ஒன்றுதான்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் உன் காக்கா எழும்பி நின்றார். எல்லா மய்யித்துக்கும் வீட்டார் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். "என்ட தம்பி கையால வாயால யாருக்கும் நோவினை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க. கொடுக்கல் வாங்கல் இருந்தா எங்கள்ட்ட சொல்லுங்க." ஸப்பில் வரிசையாக நின்றவர்கள் மன்னித்தோம் என்று முணுமுணுத்தார்கள். என் உதடும் அசைந்தது. வாயால் நோவினை செய்தாயாம் நீ, அதை நான் மன்னிக்கிறேனாம். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன். இருக்கிறவன் இறந்தவனிடம் மன்னிப்புக் கேட்க அப்படி ஒரு வழக்கம் நம்மிடம் இல்லை. அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அவன் மன்னிப்பான், மனிசனுக்குச் செய்ததை அந்த மனிசன்தான் மன்னிக்க வேண்டும் என்று மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். நான் படித்ததை எல்லாம் மறந்திருக்கிறேன், அதை மட்டும் மறக்க முடியவில்லை.

இப்போது அறையில் யாராவது 'கொன்னை', 'நொண்டி' என்று வாயெடுத்தால் மெச்சை நிறுத்தி ஆளை வெளியே அனுப்புகிறேன். புதுப் பொடியன்கள் என்னை நல்ல மனுசன் என்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்லும்போது எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.

போன மாதம் உன் தங்கச்சி அழைத்தாள். "காக்காட குரல் உங்கட கேம் வீடியோல இரிக்கெண்டு ஆரோ உம்மாட்ட சொல்லிட்டாங்க. ஒருக்காக் கேக்கணுமாம்." யோசித்துப் பார்த்தேன். நீ ஒருநாளும் குரல் பதிந்து அனுப்பியதில்லை. எல்லாம் எழுத்துத்தான். கல்யாண வீடியோக்களில் சோற்றுச் சஹன் தூக்கிக்கொண்டு குறுக்கே போகிறாய், சத்தமில்லை. இந்த உலகத்தில் உன் குரல் இருக்கிற ஒரே இடம், நான் உன்னைப் பழித்துக் காட்டிய இடம்.

உட்கார்ந்து வெட்டினேன். என் பகிடியை வெட்டினேன், என் பழிப்பை வெட்டினேன், சிரிப்பை வெட்டினேன். மிஞ்சியது உன் 'ஓம்', உன் 'நான்', உன் 'இண்டைக்கு'. அதைப் போனில் போட்டுக்கொண்டு அஸருக்குப் பிறகு உன் வீட்டுக்குப் போனேன்.

உன் உம்மா முன்னறையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, போனைக் காதோடு வைத்துக் கேட்டார். திரும்பவும் கேட்டார். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. பிறகு, "மிச்சம் எங்க மகன்?" என்றார்.

"அவ்வளவுதான் மாமி."

"அவன் அதுக்குள்ள நிப்பாட்ட மாட்டானே. எவ்வளவு நேரம் போனாலும் முடிச்சிட்டுத்தான் விடுவான். மிச்சத்தப் போடுங்க."

முழு வீடியோவும் என் போனில் இருந்தது. இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. போட்டுக் கொடுத்தேன். பெருநாள் பிறையும், என் பழிப்பும், அறையின் சிரிப்பும் உன் வீட்டு முன்னறையில் ஒலித்தன. உன் தங்கச்சி எழும்பி உள்ளே போய்விட்டாள். உம்மா கடைசிவரை கேட்டார். நன்றாக ஏசட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"இண்டைக்கு எண்டு தொடங்கினானே," என்றார். "என்ன சொல்ல வந்தானாம்?"

"தெரியா மாமி."

"பொறகு நீங்க கேக்கல்லயா?"

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. கேட்டிருப்பேன் என்று நம்பித்தான் கேட்டார். பைனலுக்குப் பிறகு எத்தனை தரம் அந்தக் கடற்கரையில் உன்னோடு இருந்திருக்கிறேன். அண்டைக்கு என்னடா சொல்ல வந்தாய் என்று கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். கொஞ்சம் நேரம் எடுத்திருக்கும், அவ்வளவுதான்.

"கேக்கல்ல மாமி," என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் புறப்படும்போது, வெட்டினது வேண்டாம், முழுசையும் அனுப்புங்க என்றார். நான் மறுத்துப் பார்த்தேன், அதில் என் அசிங்கமெல்லாம் இருக்கிறது மாமி என்றேன். "அதுலதானே மகன் அவன் சிரிக்கிறான்," என்றார்.

அனுப்பினேன். ஒவ்வொரு நாளும் மஃரிபு தொழுதுவிட்டு அதைப் போடச் சொல்லிக் கேட்கிறாராம், உன் தங்கச்சி சொன்னாள். உன் சிரிப்பு வரும்வரை அவர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். இங்கே பள்ளிவாசலில் மஃரிபு தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது. அந்த நேரத்தில் மருதமுனையில் உன் வீட்டு முன்னறையில் நீ 'இண்டைக்கு' என்று தொடங்குகிறாய். ஒவ்வொரு நாளும் நான் குறுக்கே வந்து விழுகிறேன்.