பள்ளிக்கூடத்து ரேடியோ

12-8-1943, வியாழன். பீடோங் தோட்டம், மலாயா.

காலை உடற்பயிற்சிக்கென்று ஜப்பான்காரர்கள் வகுப்பில் ரேடியோ வைத்தார்கள். பிள்ளைகள் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். தூரத்தில் இருப்பவர்கள் பேசுவது இதில் கேட்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

இன்று என் வகுப்புச் செல்லம்மாவின் தாய் ரப்பர் பால் வெட்டப் பால்மரக் காட்டுக்குப் போகாமல் சன்னலோரம் நின்றாள். அவள் புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தலைக்குக் குளித்து, மிச்சமிருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தாள்.

"வாத்தியாரய்யா, சயாமுல இருக்கிறவங்க எப்பப் பேசுவாங்க?"

"அவங்க இதுல பேச மாட்டாங்கம்மா."

"நீங்கதான் சொன்னீங்கன்னு புள்ள சொல்லிச்சே."

அவள் போய்விட்டாள்.

நாளைக்கும் ரேடியோவைத் திருகியாக வேண்டும். சன்னலைச் சாத்திவிட்டுத் திருகலாம். ஆனால் செல்லம்மா உள்ளேதானே உட்கார்ந்திருப்பாள்.