ஆமென் சொல்லாத ஜெபம்

இஞ்சாரும்,

எங்கள் சின்னவனை இந்த நாட்டு அரசு வெள்ளிக்கிழமை கொழும்புக்குத் திருப்பி அனுப்ப இருந்தது. உமக்கு எழுத வேண்டாம் என்று மூத்தவள் தடுத்தாள். அங்கே இறங்கினால் அவனுக்கு என்ன நடக்கும் என்பது ஊரில் இருக்கிற உமக்கு என்னைவிடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாமில் ரஞ்சிதம் வீட்டில் ஜெபக்கூட்டம். போதகர் அவனுக்காக ஜெபித்து, "உம்முடைய சித்தம் ஆகட்டும்" என்று முடித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை.

"என்ன அண்ணை, வாய் திறக்கேலாமல் பல்லுக்கொதியோ?" என்று ரஞ்சிதம் தேத்தண்ணீரை நீட்டினாள்.

"என்ர பிள்ளையை அனுப்புறது கடவுளின்ர சித்தமில்லை, குடிவரவு அலுவலகத்தின்ர சித்தம். அதுக்கு நான் ஆமென் சொல்லமாட்டன்."

போதகரின் முகம் கறுத்துவிட்டது.

இயேசு சொன்ன கதையில் நியாயம் கேட்டுப் போன விதவை, நீதிபதி மறுத்தவுடன் வீட்டுக்குப் போய் ஜெபித்துக்கொண்டு இருக்கவில்லை. நியாயம் கிடைக்கும்வரை அவனுக்கு அலுப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வேதத்தை நானாக எழுத்துக்கூட்டிப் படித்த எனக்கே அது விளங்குகிறது.

திங்கள் தொடக்கம் அந்தக் குடிவரவு அலுவலக வாசலில் நின்றேன். அதிகாரி என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். வியாழன் காலை போதகரும் வந்து பக்கத்தில் நின்றார். மத்தியானம் அதிகாரி வெளியே வந்து, சின்னவனின் பயணத்தை அடுத்த வெள்ளி வரை ஒரு கிழமை தள்ளிவைத்திருப்பதாகச் சொன்னார்.

போதகர் கண்ணை மூடி, "தோத்திரம்" என்றார்.

"ஒரு கிழமை காணாது. நாளைக்கும் வாங்கோ, ஐயா" என்றேன் நான்.

"ஓம், வாறன். குடையும் கொண்டுவாறன்" என்றார்.

உம்முடைய பிள்ளையின் தகப்பன்