தலையில் உள்ள குழப்பம்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்,
14-10-2004

அன்பு மகன் தாணுவுக்கு அப்பா எழுதுவது. வராகமூர்த்தி கிருபையில் நான் இங்கே சுகம். நீயும் ஆர்யாவும் குழந்தையும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பதாக ஒரு வரி வந்தால் எனக்கு அது போதும். இங்கே மத்தியானமானால் இடியும் மழையும், கரண்டு போய்விடுகிறது, பிறகு வீட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

மக்களே, போன ஞாயிற்றுக்கிழமை போனில், என் உடம்பை மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் நீ, அப்பா இன்னைக்கு என்ன கிழமை, என்று கேட்டாய். அங்கே பொழுது மாறிக் கிடக்கும், அதனால் கேட்கிறாய் என்று நினைத்து ஞாயிறு என்றேன். அடுத்து, காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சமையலுக்குப் புதிதாக வந்திருக்கிற தென்காசிப் பெண் செண்பகவல்லி நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். அந்த ஞாயிறுக்கு முந்தி ஒருநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது நீ கூப்பிட்டாயாம், ஐயாவுக்குத் தலையில குழப்பம்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ, என்று உன்னிடம் சொல்லிவிட்டாளாம். டாக்டரம்மா சொன்னது மலையாளக் குழப்பம். தலயில் செறியொரு குழப்பமுண்டு, பேடிக்கண்டா அங்கிளே, என்றார். சின்னதாக ஒரு கோளாறு, பயப்படவேண்டாம் என்று அர்த்தம். துணைக்கு வந்திருந்த இவள் அதைத் தமிழ்க் குழப்பமாக்கி உனக்கு அனுப்பிவிட்டாள். இங்கே பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த நீயாவது அது எந்த ஊர்க் குழப்பம் என்று யோசித்திருக்கலாம்.

நடந்தது இதுதான். எழுந்தால் தலை சுற்றியது, மெடிக்கல் காலேஜில் ஸ்கேன் எடுத்தார்கள். சுற்றலுக்குக் காரணம் காது, அது அடங்கிவிட்டது. ஆனால் படத்தில் வேறொன்று அகப்பட்டது. பின்மண்டையில் சிறுமூளை இருக்கிறது, நாம் தள்ளாடாமல் நடப்பதும் காப்பியைச் சிந்தாமல் குடிப்பதும் அதன் தயவு. அதன் அடிப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோக இடதும் வலதும் ஒவ்வொரு குழாய் இருக்குமாம். எனக்கு இடப்பக்கம் அது பிறவியிலேயே இல்லை. அதற்குமேல் இருக்கிற இன்னொரு குழாய் கொஞ்சம் பருத்து, இல்லாததன் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. இது நோயில்லை, இந்தக் குழாய்கள் ஆளுக்கு ஒரு மாதிரி கிளம்பும், படம் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. உன் அம்மை போனபிறகு அவள் வேலையையும் நான் பார்த்ததுபோல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் குழாய்க்கு இருக்கிற சாமர்த்தியம் எனக்கில்லை, செண்பகவல்லி வருகிறவரை ரசம் கைகூடவே இல்லை.

என் அனுமதி கேட்டு, படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு பெண், அங்கிளின்றெ வீடு எவிடெயா, என்று கேட்டாள். அம்மையின் காரியத்துக்குப் பிறகு என்னைச் சுற்றி அத்தனை பேர் நின்றது அன்றுதான். எழுந்து வரவே மனமில்லை. உடம்பைக் கொடுக்கும் எண்ணம் அங்கே வந்ததுதான்.

காலேஜில் கேட்டதற்கு மகனுடைய சம்மதம் எழுத்தில் வேண்டும் என்கிறார்கள். கொள்ளி வைக்க மகன் இருந்தும் இப்படியா என்று நாலு பேர் கேட்பார்கள், நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் அம்மை போனபோது நீ பட்டது எனக்கு மறக்கவில்லை. உனக்காக ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்தோம். பம்பாயில் உன் விமானம் தவறியது, இனிமேல் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். நீ வந்தபோது முற்றத்தில் கழுவிவிட்ட ஈரம்தான் இருந்தது. தோளில் பையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். இன்னொரு தடவை நீ அப்படி நிற்கவேண்டாம். எனக்கு ஒன்று என்றால் ஓடி வராதே மக்களே. காலேஜில் என்னைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். லீவு கிடைக்கிறபோது மெதுவாக வா, நான் அங்கேதான் இருப்பேன்.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடுங்கள். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் இருக்க என் ஆசீர்வாதம். சம்மதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
பகவதிப்பெருமாள்

பி.கு. இன்றைக்கு வியாழக்கிழமை. யாரிடமும் கேட்காமல்தான் எழுதினேன்.